சுவரிலிருந்து தொடங்குங்கள்: ஆஸ்பத்திரியில் எலக்ட்ரிக்கல் சேஃப்டி டெஸ்ட் செய்வது எப்படி

ராத்திரி பதினோரு மணிக்கு வார்டிலிருந்து போன். "சார், நாலாவது பெட் மானிட்டரைத் தொட்டா ஜிவ்வுன்னு இழுக்குது. பேஷண்டோட அம்மா பயந்துபோய் தள்ளி உக்காந்திருக்காங்க, சீக்கிரம் வாங்க."

நான் ஆஸ்பத்திரி மெஷின்களைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் பிரிவில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். மானிட்டரைக் கழற்றி நம் ரூமுக்குக் கொண்டுவந்து அனலைசரில் (எர்த்தையும் கரண்ட் கசிவையும் அளக்கும் டெஸ்ட் கருவி) போட்டேன், எல்லாம் பாஸ். திரும்பக் கொண்டுபோய் அதே இடத்தில் மாட்டினேன், மறுபடி ஜிவ்வு. எலக்ட்ரீஷியன் அண்ணாவை எழுப்பிக் கூட்டிவந்து சாக்கெட்டைத் திறந்து பார்த்தால், பச்சை ஒயர் எர்த் டெர்மினலில் இல்லவே இல்லை. போன மாதம் சுவருக்கு பெயின்ட் அடிக்க பிளேட்டைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டும்போது ஃபேஸையும் நியூட்ரலையும் மட்டும் முறுக்கிவிட்டு, எர்த்தைச் சுருட்டி டப்பாவுக்குள் தள்ளியிருக்கிறார்கள். அந்த வரிசையில் ஆறு பெட், அதில் மூன்று இப்படி. மானிட்டரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பாஸ் என்றது. பொய் இல்லை, பாஸ்தான், ஆனால் வேறு சுவரில்.

அதனால் என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளிடம் முதலில் சொல்வது, மெஷினைத் தொடாதே, சுவரைப் பார். அப்புறம் கார்டு, அப்புறம் மெஷின், கடைசியில் பேஷண்ட் மேல் ஒட்டும் ஒயர். கரண்ட் போகிற வழியிலேயே டெஸ்ட்டும் போகட்டும்.

அந்த ஜிவ்வு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மெஷினின் பவர் சப்ளை வாசலில் ஒரு ஃபில்டர் இருக்கும், அதில் ஃபேஸிலிருந்து பாடிக்கு ஒரு சின்ன கெபாசிட்டர், நியூட்ரலிலிருந்து பாடிக்கு இன்னொன்று. நம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் 4.7 நானோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று வழியாக சுமார் 340 மைக்ரோ ஆம்பியர் பாடிக்குக் கசியும். இது பழுது இல்லை, டிசைனே அப்படித்தான். எர்த் இருந்தால் அந்தக் கசிவு சத்தமில்லாமல் பச்சை ஒயர் வழியே போய்விடும். எர்த் அறுந்தால் பாடி கிட்டத்தட்ட 115 வோல்ட்டில் மிதக்கும், தொடுகிறவர் வழியாக அந்தக் கசிவு இறங்கும். வீட்டில் ஃபிரிட்ஜைத் தொட்டு "லேசா ஷாக் அடிக்குது" என்று சொல்லிவிட்டுப் போகிறோமே, அதேதான்.

ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் நம்மைப் போல செருப்புப் போட்டு நிற்கும் ஆள் இல்லை. தோல் வழியாகப் போகும்போது 1 மில்லி ஆம்பியர் பக்கத்தில்தான் நமக்கு உணர்வே தெரியும். இதயத்துக்குள் பேஸிங் ஒயரோ, சலைன் நிரம்பிய கதீட்டரோ போயிருக்கும் ஒருவருக்குத் தோல் என்ற தடுப்பே கிடையாது, சில பத்து மைக்ரோ ஆம்பியரே இதயத் துடிப்பைக் குலைக்கலாம். சிஸ்டர் ஒரு கையால் மானிட்டரையும் இன்னொரு கையால் அந்த ஒயரின் முனையையும் தொட்டால், அவருக்கு ஒன்றுமே தெரியாது, கரண்ட் அவர் வழியாக பேஷண்டுக்குப் போய்விடும். மைக்ரோ ஆம்பியர் கணக்கில் நாம் அளந்துகொண்டு உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான்.

சரி, எந்த எண்ணை வைத்து பாஸ், ஃபெயில் சொல்வது? சர்வதேச மின் தர அமைப்பான ஐ.இ.சி.யின் 60601 என்ற தரநிலை, மெஷினைத் தயாரிப்பவர் டிசைன் நேரத்தில் தாண்ட வேண்டிய வேலி. ஆஸ்பத்திரியில் வருஷா வருஷம் செய்வதற்கும், ரிப்பேர் முடிந்து வார்டுக்கு அனுப்பும் முன் செய்வதற்கும் உள்ளது ஐ.இ.சி. 62353. முதலில் 2007-ல் வந்தது, 2014-ல் திருத்தப்பட்டது. இரண்டின் எண்களையும் குழப்பிக்கொள்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஆஸ்பத்திரிகளுக்குத் தர அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எச். ஆய்வுக்கு வருபவர்கள் கேட்பது உங்களிடம் ஒரு திட்டம் இருக்கிறதா, அதன்படி நடந்ததற்கு ரெக்கார்டு இருக்கிறதா என்பதை. கட்டடத்தின் வயரிங், டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர் எல்லாம் மின் ஆய்வுத் துறையின் பார்வையில் வரும், அதன் தலைமை அலுவலகம் கிண்டி தொழிற்பேட்டையில் இருக்கிறது. எர்த்திங்குக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043. எக்ஸ்ரேக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் (ஏ.இ.ஆர்.பி.) தனி, அதற்குள் இங்கே போக வேண்டாம்.

முதலில் சுவர்

மூன்று லைட் எரியும் சின்ன பிளக் டெஸ்டர் ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். எர்த் இல்லை, ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருக்கிறது என்பதை ஒரு நிமிஷத்தில் காட்டிவிடும், வார்டு முழுவதையும் சுற்றிவர நல்ல கருவி. ஆனால் எர்த் இருக்கிறது என்று அது சொன்னால் நம்பிவிடாதீர்கள். எர்த் வழியில் ஆயிரம் ஓம் இருந்தாலும் அந்த லைட் எரியும், எர்த்தையும் நியூட்ரலையும் மாற்றி மாட்டியிருந்தாலும் எல்லாம் சரி என்றே காட்டும். உண்மையான எண் வேண்டுமென்றால், ஃபேஸிலிருந்து எர்த் வழியாகத் திரும்பும் முழு வழியையும் அளக்கும் லூப் டெஸ்டர்தான். அதையும் ஒரு விஷயம் யோசித்துவிட்டுப் போடுங்கள், லூப் டெஸ்ட் ஆர்.சி.சி.பி.யை (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் ஆக்கிவிடலாம். அதே சர்க்யூட்டில் என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்காமல் பட்டனை அமுக்கக் கூடாது.

நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் பாருங்கள். லோடு இருக்கும்போது 2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் ஏன் என்று கேளுங்கள், இது நாங்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் அளவு. அதே அளவை ஜெனரேட்டர் ஓடும்போது ஒரு தடவை, யு.பி.எஸ். சாக்கெட்டில் ஒரு தடவை எடுக்க வேண்டும். சின்ன ஆஸ்பத்திரிகளில் யு.பி.எஸ். அவுட்புட் நியூட்ரலை எங்கேயும் எர்த்தோடு சேர்க்காமல் மிதக்க விட்டிருப்பார்கள், இ.பி. கரண்டில் எடுத்த ரீடிங் எல்லாம் அழகாக இருக்கும், கரண்ட் போன நேரத்தில் கதை வேறு.

எர்த் பிட்டை (எர்த் மண்ணுக்குள் இறங்கும் குழி) அளப்பது எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸின் வேலை, ஆனால் எந்த மாதத்தில் அளக்கிறார்கள் என்பதில் நீங்கள் மூக்கை நுழைக்கலாம். சென்னையில் கத்திரி வெயிலில் மண் காய்ந்து கிடக்கும்போது எடுக்கும் எண்தான் மோசமான எண். டிசம்பரில் மழை ஊறிய மண்ணில் எடுத்து "ஒரு ஓம்முக்குள்ள இருக்கு சார்" என்று ஃபைலில் போடுவது சுலபம். லீக்கேஜுக்கு, அதாவது மெஷினின் கரண்ட் கசிவுக்கு, இது நேர்மாறு. ஐப்பசி, கார்த்திகையில் சுவரில் ஓதம் ஏறி, காற்றே ஈரமாகி, இன்சுலேஷன் இறங்கும் காலத்தில்தான் மெஷின்கள் தங்கள் சாயத்தைக் காட்டும். எர்த் பிட்டை மே மாதமும், தரைத்தளத்து மெஷின்களின் லீக்கேஜை நவம்பரிலும் என்று நான் காலண்டர் போடுவது இதனால்தான்.

ஐ.சி.யு., தியேட்டர் வேறு உலகம். அங்கே உயிர் காக்கும் மெஷின்களுக்குப் போகும் சாக்கெட்களில் ஆர்.சி.சி.பி. போடுவதில்லை, ஒரு சின்ன பழுதுக்கு டிரிப் ஆகி வென்டிலேட்டர் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாலே காரணம் புரியும். அதற்குப் பதில் சப்ளையை எர்த்திலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், கூடவே இன்சுலேஷன் மானிட்டர். முதல் பழுது வந்தால் கரண்ட் நிற்காது, இன்சுலேஷன் 50 கிலோ ஓம்முக்குக் கீழே இறங்கினால் அலாரம் மட்டும் அடிக்கும். ஐ.இ.சி. 60364-ன் 710-ஆம் பகுதி இதைத்தான் சொல்கிறது, அந்த இடங்களில் சாக்கெட் எர்த்துக்கும் ஈக்விபொட்டென்ஷியல் பாருக்கும் (அறையின் உலோகங்களை எல்லாம் ஒன்றாக இணைக்கும் பட்டை) நடுவே 0.2 ஓம் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. ஒரு தியேட்டரில் அந்த அலாரம் பஸ்ஸர் மேல் மூன்று அடுக்கு பிளாஸ்டர் ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன், சர்ஜனுக்குச் சத்தம் தொந்தரவாம். பிளாஸ்டரைப் பிரித்து எடுத்தேன், கத்திக்கொண்டுதான் இருந்தது. எத்தனை நாளாக என்று யாருக்கும் தெரியவில்லை.

வார்டுப் பக்கம் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால், டெஸ்ட் பட்டனோடு திருப்திப்படாமல் டெஸ்டர் வைத்து நேரம் எடுங்கள். 30 மில்லி ஆம்பியரில் 300 மில்லி செகண்டுக்குள், 150-ல் 40 மில்லி செகண்டுக்குள் விழ வேண்டும்.

கார்டும் பிளக்கும்

ஃபெயில் ஆவதில் பெரும்பங்கு இங்கேதான், கண்ணால் பார்த்தாலே பிடித்துவிடலாம். நம் மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கும் எர்த் பின் பருமனாகவும் நீளமாகவும் இருப்பது அழகுக்கு இல்லை, முதலில் எர்த் சேர்ந்து கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காக. அதை உடைத்து இரண்டு பின் ஓட்டையில் சொருகியிருப்பதைக் குறைந்தது மாதம் ஒரு தடவை பார்க்கிறேன். கடற்கரைப் பக்க ஆஸ்பத்திரிகளில் பித்தளைப் பின்னில் களிம்பு பிடித்துப் பச்சையாக இருக்கும், தேய்த்துவிட்டு அளந்தால் எண் பாதியாகும்.

இறக்குமதி மெஷினோடு வரும் ஐரோப்பிய உருண்டை பிளக் இன்னும் மோசம். அதற்கு எர்த் பக்கவாட்டில் இருக்கும் உலோகப் பட்டையில் வருகிறது. நம் யுனிவர்சல் சாக்கெட்டில் இரண்டு பின்னும் கச்சிதமாக நுழையும், மெஷின் ஓடும், எர்த் மட்டும் எங்கேயும் சேராது. கன்வர்ஷன் பிளக் போட்டாலும் பல சமயம் அதே கதை. மெஷின் வந்து இறங்கும் அன்றைக்கே கார்டை மாற்றுங்கள், டெமோவுக்கு வந்திருக்கிறது, நாளைக்குப் போய்விடும் என்று யார் சொன்னாலும் சரி.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று மெஷின், தலா 300 மைக்ரோ ஆம்பியர் கசிவு, ஒரே பாக்ஸ். தனித்தனியாக அளந்தால் மூன்றும் பாஸ். அந்த பாக்ஸின் எர்த் அறுந்த அன்று 900 மைக்ரோ ஆம்பியர் ஒன்றுசேர்ந்து மூன்று பாடியிலும் நிற்கும். அதில் நாலாவதாக அட்டெண்டர் தன் போன் சார்ஜரைச் சொருகியிருப்பார், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பேஷண்டைச் சுற்றி ஒன்றரை மீட்டருக்குள் இருக்கும் டி.வி., கம்ப்யூட்டர், பிரின்டர் எதுவும் மெடிக்கல் கருவி இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

இப்போது மெஷின்

பேஷண்டிடமிருந்து மெஷினைக் கழற்றியிருக்க வேண்டும், இதில் விதிவிலக்கே கிடையாது. மர மேஜை அல்லது ரப்பர் மேட் மேல் வையுங்கள். நெட்வொர்க் கேபிள், பிரின்டர் கேபிள், பின்னால் ஈக்விபொட்டென்ஷியல் ஒயர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். இரும்புக் கட்டில் ரெயிலில் மாட்டியபடியே லீக்கேஜ் எடுப்பவர்கள் இருக்கிறார்கள், கசிவு கட்டில் வழியாகத் தரைக்குப் போய்விடும், அனலைசர் சின்ன எண்ணைக் காட்டும், எல்லோருக்கும் சந்தோஷம். மெஷினின் பவர் சுவிட்ச் ஆன் ஆகியிருக்க வேண்டும் என்பதையும் மறக்கிறோம், ஆஃபில் எடுத்தால் சுவிட்சுக்கு இந்தப் பக்கம் இருப்பதை மட்டும்தான் அளக்கிறீர்கள்.

எர்த் ரெசிஸ்டன்ஸ் முதலில். டெஸ்ட் லீடை ஜீரோ செய்துவிட்டு, கிளிப்பை பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்டுங்கள். பின்னால் இருக்கும் ஈக்விபொட்டென்ஷியல் ஸ்டட் நல்ல இடம், ஆனால் அது மட்டும் போதாது, கைக்குப் படும் வேறு உலோக பாகங்களையும் தொட்டுப் பாருங்கள். கரண்ட் குறைந்தது 200 மில்லி ஆம்பியர். கழற்றக்கூடிய கார்டு என்றாலும், கழற்ற முடியாத கார்டு என்றாலும் கார்டோடு சேர்த்து 0.3 ஓம் வரை, கார்டை மட்டும் தனியாக அளந்தால் 0.1. ரீடிங் நிற்கும்வரை காத்திருந்து எழுதிவிட்டுப் போகாதீர்கள், கார்டை பிளக் பக்கமும் மெஷின் பக்கமும் வளைத்து ஆட்டிக்கொண்டே எண்ணைப் பாருங்கள். 0.12-லிருந்து 0.4-க்குக் குதித்துத் திரும்புகிறது என்றால் உள்ளே இழைகள் அறுந்துகொண்டிருக்கின்றன. டிராலி சக்கரம் ஏறி இறங்கிய கார்டுகளில் இது சகஜம். இரட்டைச் சதுரம் போட்ட கிளாஸ் 2 மெஷினுக்கு (பாதுகாப்புக்கு எர்த்தை நம்பாமல் இரட்டை இன்சுலேஷனை நம்புவது; எர்த்தை நம்புவது கிளாஸ் 1) இந்த டெஸ்ட் பொருந்தாது, கார்டில் மூன்று பின் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

இன்சுலேஷன் 500 வோல்ட் டி.சி.யில், கிளாஸ் 1-க்கு 2 மெகா ஓம், கிளாஸ் 2-க்கு 7 மெகா ஓம் குறைந்தபட்சம். தயாரிப்பாளர் செய்யாதே என்று சொல்லியிருந்தால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் எக்விப்மென்ட் லீக்கேஜ். டைரக்ட் முறையில் (மெஷினை மெயின்ஸில் ஓடவிட்டு அளப்பது) கிளாஸ் 1-க்கு 500 மைக்ரோ ஆம்பியர், கிளாஸ் 2-க்கு 100. ஃபேஸும் நியூட்ரலும் நேராக ஒரு தடவை, திருப்பி ஒரு தடவை, பெரிய எண்ணை எழுதுங்கள். ஆல்டர்நேட்டிவ் முறையில் (ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து, மெஷினை ஓடவிடாமல் அளப்பது) எடுத்தால் வரம்புகளே வேறு, 1000-மும் 500-மும், எந்த முறை என்று எழுதாத ரிப்போர்ட்டால் பயனில்லை. உள்ளே ரிலே வைத்து கரண்டை எடுக்கும் மெஷின்களில் ஆல்டர்நேட்டிவ் முறை ரிலேயைத் தாண்டிப் போகவே போகாது என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு.

கடைசியாக பேஷண்ட் ஒயர். மெஷினின் கனெக்டர் பக்கத்தில் ஒரு குறி இருக்கும். வெறும் மனிதன் என்றால் டைப் பி, கட்டத்துக்குள் மனிதன் என்றால் பி.எஃப்., கட்டத்துக்குள் இதயம் என்றால் சி.எஃப். இரு பக்கமும் துடுப்பு போல வரைந்திருந்தால் டிஃபிப் (இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் மெஷின்) ஷாக்கைத் தாங்கும் வகை. ஈ.சி.ஜி. லீட் ஐந்தையும் அனலைசரில் மாட்டி அப்ளைட் பார்ட் (பேஷண்ட் மேல் படும் பகுதி) லீக்கேஜ் எடுக்கும்போது பி.எஃப்.-க்கு 5000 மைக்ரோ ஆம்பியர், சி.எஃப்.-க்கு 50 வரை. 5000 என்ற எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம், அந்த டெஸ்டில் அனலைசர் வேண்டுமென்றே மெயின்ஸ் வோல்டேஜை பேஷண்ட் ஒயருக்குக் கொடுத்து, எவ்வளவு உள்ளே நுழைகிறது என்று பார்க்கிறது. அதாவது அந்த நேரத்தில் கிளிப்பின் நுனியில் 230 வோல்ட் இருக்கிறது. இரண்டு கையையும் மேஜையிலிருந்து எடுத்துவிட்டு, பக்கத்தில் வேடிக்கை பார்ப்பவரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் பட்டன். டிஃபிபின் ஜூல் அளவு, காட்டரியின் (சர்ஜரியில் கரண்டால் வெட்டும் கருவி) ஹை ஃப்ரீக்வென்சி லீக்கேஜ் எல்லாம் வேறு அனலைசர், வேறு நாள்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் அதுதான். சொல்லாவிட்டால் 62353 கொடுக்கும் இடைவெளி 6 முதல் 36 மாதம். டயாலிசிஸ், தியேட்டர், ஐ.சி.யு. எல்லாம் ஆறு மாதம், தண்ணீரும் ஒயரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இடம் எதுவாக இருந்தாலும் ஆறு மாதம். ஓ.பி.யில் மூலையில் நிற்கும் எக்ஸ்ரே வியூ பாக்ஸுக்கு இரண்டு வருஷம் போதும், சண்டைக்கு வராதீர்கள். ஆனால் கீழே விழுந்தால், மேலே சலைன் கொட்டினால், உள்ளே திறந்து ரிப்பேர் செய்தால், தேதி பார்க்காமல் உடனே.

ரெக்கார்டில் பாஸ் என்று டிக் அடிப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. எண் வேண்டும். போன வருஷம் 0.09 ஓம், இந்த வருஷம் 0.19 ஓம், இரண்டுமே பாஸ். இரண்டு டிக் அடித்திருந்தால் எதுவும் தெரியாது, இரண்டு எண் இருந்ததால் ஒரு சிரிஞ்ச் பம்ப் கார்டை அறுவதற்கு முன்பே எடுத்துப் போட்டேன். எண்ணோடு கூட மெஷினின் சீரியல் நம்பர், எந்த முறை, எந்த அனலைசர், அந்த அனலைசரின் கேலிப்ரேஷன் எதுவரை செல்லும் என்பதையும் எழுதுங்கள். கேலிப்ரேஷனை என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள லேபில் செய்திருக்க வேண்டும். ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்த கம்பெனி ஆள் வந்து டெஸ்ட் செய்தாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு மத்தியானத்தில் எண்பது மெஷின் முடித்து, எல்லாவற்றுக்கும் 0.11 ஓம் என்று ரிப்போர்ட் கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும்.

ஃபெயில் ஆனதை சிவப்பு டேக் கட்டி வார்டிலிருந்து எடுத்துவிடுங்கள், வார்டு மூலையில் திருப்பி வைத்தால் ராத்திரி ஷிப்டில் ஓட ஆரம்பித்துவிடும். கார்டு ஃபெயில் என்றால் பிளக்கை ஒட்டி கட்டிங் பிளையரால் வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். முழுசாகப் போட்ட கார்டு இரண்டு நாளில் வேறு ஏதாவது மெஷினில் மாட்டியிருக்கும், நான் போட்டதையே நான் மூன்றாவது மாடியில் கண்டுபிடித்திருக்கிறேன்.